தொலைந்த சைக்கிள், மாலை விளையாட்டு, ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் சைக்கிள் காணாமல் போனது இதற்குள் உங்களில் பலர் காதுக்கு வந்திருக்கும். அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே அச்சு என்பதால் தன்னுடையது தனியாகத் தெரியட்டும் என்று அம்மாவின் பழைய புடவையிலிருந்து பச்சைத் துணி கிழித்து ஹேண்டில்பாரில் சுற்றி வைத்திருந்தான். பூட்டு வாங்கவில்லை. அடுத்த மாதம் வாங்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் ஸ்டாண்டில் நின்று அழுததைப் பார்த்தேன். அழுகை நின்றதும் வந்த கோபத்தையும் பார்த்தேன். "எவன் எடுத்தான்னு மட்டும் தெரியட்டும் சார், கையைக் காலை உடைக்கிறேன்" என்றான். சுற்றி நின்ற பையன்களில் ஒருவன் யாரோ ஒருவனுடைய பெயரைச் சொல்ல, இன்னொருவன் ஆமாம் போட, மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் ஒரு பெரிய அடிதடி நடந்திருக்க வேண்டியது, நம் பி.இ.டி. சார் நடுவில் புகுந்ததால் தப்பியது. பெயர் சொல்லப்பட்ட பையனுக்கும் அந்தச் சைக்கிளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பிறகு தெரிந்தது. சம்பந்தமில்லாத ஒரு பிள்ளை அன்றைக்கு அடி வாங்கியிருப்பான்.

அன்று மதியம் அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். கேட் அருகே போனதும் பையன் நின்றுவிட்டான். முந்தின நாள் கையைக் காலை உடைப்பேன் என்றவன், என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்: "உள்ளே கூட்டிட்டுப் போய் அடிப்பாங்களா சார்?"

பொருளைப் பறிகொடுத்தவன் அவன். புகார் கொடுக்க வந்தவனும் அவன். அவன் ஏன் அடி வாங்கப் போகிறான்? எனக்கு இரண்டு நாள் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நாம்தான் அந்தப் பயத்தை ஊட்டுகிறோம், சோற்றோடு சேர்த்தே ஊட்டுகிறோம். சாப்பிடாவிட்டால் போலீஸ் வரும், தூங்காவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று மூன்று வயதில் சொன்னது பதினாறு வயதில் கேட் அருகே காலைக் கட்டிப்போடுகிறது. பெற்றோரே, சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தயவுசெய்து இதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை வழி தவறினாலோ, யாராவது அதைத் தொந்தரவு செய்தாலோ, அது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய ஆட்களில் ஒருவரைப் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம்.

சரி, உள்ளே போனோம். ஏட்டையா ஒருவர் உட்கார வைத்தார், புகாரை எழுதி வாங்கினார், புகாரைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார், மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம், "என்ன விளையாடுவே?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். எனக்கு அந்த இடத்தில் வேறொரு பையனும் வேறொரு போலீஸ்காரரும் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் போலீஸ்காரரை உங்களுக்கும் அறிமுகப்படுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் ஜோ மார்ட்டின். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரில் போலீஸ்காரர். 1954 அக்டோபரில் ஒருநாள், 12 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் நண்பனோடு சைக்கிளில் ஒரு பொருட்காட்சிக்குப் போகிறான், அங்கே பொரியும் தின்பண்டமும் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காக. திரும்பி வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாக இருந்த புதுச் சைக்கிள். அவன் அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர், அம்மா பிறர் வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீட்டில் ஒரு புதுச் சைக்கிள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார், அவரிடம் போய்ச் சொல் என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டே படியிறங்கிப் போகிறான். அங்கே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம். பையன்கள் கயிறு தாண்டிக்கொண்டும், மூட்டையைக் குத்திக்கொண்டும், வியர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்தான் மார்ட்டின். டியூட்டி முடிந்து வந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வந்தார். பையன் புகார் சொல்கிறான், கூடவே, திருடியவனைக் கண்டுபிடித்து நொறுக்கப் போகிறேன் என்றும் சொல்கிறான். மார்ட்டின் கேட்டாராம், உனக்குச் சண்டை போடத் தெரியுமா என்று. தெரியாது, ஆனாலும் போடுவேன் என்கிறான். அப்படியென்றால் சவால் விடுவதற்கு முன்னால் முதலில் சண்டை போடக் கற்றுக்கொள், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 8 வரை இங்கேதான் இருப்போம், வா என்று சேர்க்கைப் படிவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சைக்கிள் கடைசிவரை கிடைக்கவில்லை.

பையனும் மறுநாளே ஓடி வந்துவிடவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் சிறுவர்களின் குத்துச்சண்டையை வாராவாரம் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வந்தது. அதில் மார்ட்டினைப் பார்த்ததும், அட இவர் நம் புகாரை எழுதிக்கொண்ட போலீஸ்காரர் ஆயிற்றே என்று அடையாளம் கண்டுகொண்டான், அதன் பிறகுதான் போய்ச் சேர்ந்தான். சில வாரங்களில், நவம்பரில், 40 கிலோ எடையில் முதல் போட்டி. மூன்று சுற்று முடிந்ததும் நடுவர்கள் ஒரே கருத்தாக இல்லை, பெரும்பான்மையில் ஜெயித்தான். பையனின் பெயர் காஷியஸ் கிளே. பத்தாண்டு கழித்து முகமது அலி ஆனவன்.

அலியைப் பற்றித் தெரியாத வீடு இருக்காது. நான் மார்ட்டினைப் பற்றியே பேசுகிறேன். அவர் அந்தப் பையனிடம் முதலில் பெரிதாக எதையும் பார்க்கவில்லை, மற்றவர்களைப் போலத்தான் இருந்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தான் பயிற்சி கொடுத்த பையன்களில் இவனைப் போல உழைத்தவன் இல்லை என்பதைத்தான் பிற்பாடு கவனித்திருக்கிறார். ஆக, பெரிய ஆளாக வருவான் என்று கணக்குப் போட்டு அவர் அந்தப் படிவத்தைக் கொடுக்கவில்லை. அழுதுகொண்டு வந்த ஒரு பிள்ளைக்கு, வாரத்தில் ஐந்து நாள் மாலையில் போக ஓர் இடமும் அங்கே காத்திருக்க ஒரு பெரியவரும் உண்டு என்று சொன்னார், சொன்னபடி ஆறு வருடம் இருந்தார். அந்தக் கூடத்துக்கு வந்த எத்தனையோ பையன்களின் பெயர் உலகத்துக்குத் தெரியாது. அவர்களுக்கும் அதே 6 முதல் 8 மணிதான், அதே மார்ட்டின்தான்.

அது எந்தக் காலம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1954-ன் லூயிவில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. ஊரில் இருந்த பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள் அவர்களை விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று ராட்டினத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மார்ட்டின் வெள்ளைக்காரர், அதுவும் போலீஸ்காரர். ஆனால் அவருடைய கூடத்தில் கறுப்பு, வெள்ளை இரண்டு நிறப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். அதேபோல், ஃப்ரெட் ஸ்டோனர் என்ற கறுப்பினப் பயிற்சியாளரிடமும் அந்தப் பையன் போய்க் கற்றான், நுணுக்கங்களை அவரிடம்தான் கற்றேன் என்று பிறகு பெருமையாகச் சொன்னான். ஒரு பிள்ளை உருவாக ஒரு ஆசிரியர் போதாது என்று முப்பது வருடமாக நானும் பார்த்து வருகிறேன், ஆகவே ஸ்டோனரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1960-ல் நடந்தது. ரோம் ஒலிம்பிக்குக்குத் தேர்வாகிவிட்டான், ஆனால் விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறான். தகுதிப் போட்டிக்குப் போனபோது விமானம் குலுங்கிய குலுக்கலில் அப்படி ஒரு பயம். கப்பலிலோ ரயிலிலோ போகிறேன் என்று அடம். வளையத்துக்குள் யாரையும் எதிர்க்கத் தயங்காத 18 வயதுப் பையன்! மார்ட்டின் என்ன செய்தார் தெரியுமா, திட்டவில்லை, கேலி செய்யவில்லை, ஊரிலிருந்த பூங்காவுக்கு அழைத்துப் போய் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார். உலக சாம்பியன் ஆக வேண்டுமானால் ரோமுக்குப் போய் ஜெயித்தாக வேண்டும், போகாவிட்டால் அதை மறந்துவிடு என்று எடுத்துச் சொன்னார். கடைசியில் ஒப்புக்கொண்டான். போய் ஒரு பாராசூட் வாங்கி, அதை மாட்டிக்கொண்டே விமானத்தில் உட்கார்ந்து போனான் என்று மார்ட்டினின் மகன் பிறகு சொல்லியிருக்கிறார். 1960 செப்டம்பர் 5-ம் தேதி போலந்து வீரரை வென்று தங்கம் வாங்கினான்.

நம்மில் எத்தனை பேர், பரீட்சைக்கு முன்னால் பயந்து நடுங்கும் பிள்ளையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்? நானும் பேசியதில்லை, ஒரு பிள்ளைக்கு அத்தனை நேரம் நான் கொடுத்ததே இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் என் தொழில்காரர். அந்தப் பையன் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அட்வுட் வில்சன். பையன் படிப்பில் பின்தங்கியவன், வாசிக்கவே திணறுவான். பள்ளிப் பேருந்தில் ஏறாமல் அதன் கூடவே ஓடிவருவான், அது அவனுக்குப் பயிற்சி. வகுப்பிலிருந்த 391 பேரில் 376-வது இடம். இவனுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று சில ஆசிரியர்கள் சொன்னபோது, ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒருநாள் இந்தப் பள்ளிக்கு இருக்கும் ஒரே பெருமை இவனுக்குப் பாடம் நடத்தினோம் என்பதாகத்தான் இருக்கும் என்கிற பொருளில் பேசினார் வில்சன். 1960-ல் சான்றிதழோடு அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பத்து வருடத்துக்கு முந்தைய நான், எதிர்ப்பக்கம்தான் பேசியிருப்பேன் என்று தோன்றுகிறது.

தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போனதும் அலிக்கு வேறு பயிற்சியாளர் வந்துவிட்டார், மார்ட்டின் லூயிவில்லிலேயே இருந்தார். (அலியின் முதல் தொழில்முறைப் போட்டியில் எதிரே நின்ற டன்னி ஹன்சேக்கரும் ஒரு போலீஸ் அதிகாரிதான், பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் போலீஸ் தலைவர். படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.) அதே அடித்தளக் கூடத்தில் மார்ட்டினிடம் கற்ற இன்னொரு பையன் ஜிம்மி எல்லிஸ். அவரும் 1968-ல் உலகப் பட்டம் ஒன்றை வென்றார். 1971-ல் அந்த இருவருமே ஒருவரோடொருவர் மோதினார்கள், அலி ஜெயித்தார்.

இந்த இரண்டு பேரும் நம் சென்னைக்கு வந்திருக்கிறார்கள். உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். 1980 தொடக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில் அலிக்கும் எல்லிஸுக்கும் காட்சிப் போட்டி நடந்தது. எம்.ஜி.ஆர். மேடையில் இருந்தார். அந்த நிகழ்ச்சியின் படத்தை இன்றும் வடசென்னைக் குத்துச்சண்டைக் கூடங்களின் சுவரில் பார்க்கலாம். அன்று அத்தனை ஆயிரம் பேர் கைதட்டியது அலியைப் பார்க்க. ஆனால் வளையத்துக்குள் நின்ற இருவருக்கும் முதலில் கையுறை மாட்டிவிட்டவர் ஒரே போலீஸ்காரர் என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1996 ஜூலையில் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அலி ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். அதே ஆண்டில், தன் 80-வது வயதில், மார்ட்டின் காலமானார்.

இப்போது நம் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கோரிக்கை, பி.டி. பீரியடை எடுத்துக் கணக்கோ அறிவியலோ நடத்துங்கள் என்பது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அப்படிச் செய்திருக்கிறோம், நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது தவறு. இந்தக் கடிதத்திலிருந்து அந்தப் பழக்கத்தை நிறுத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், எந்த வகுப்பாக இருந்தாலும், மைதானத்தில்தான் நடக்கும். பரீட்சை நெருங்கினாலும் அப்படித்தான். இதற்கு வருத்தப்படுகிறவர்கள் நேரில் வாருங்கள், பேசலாம்.

அடுத்தது மாலைப் பயிற்சி. வரும் வாரத்திலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மாலை 4.30 முதல் 6 மணி வரை மைதானம் திறந்திருக்கும். கபடி, வாலிபால், ஓட்டம். பி.இ.டி. சார் இருப்பார், நானும் வாரம் இரண்டு நாள் இருப்பேன். செவ்வாயும் வியாழனும் ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஓடி விளையாடிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டிலிருந்து நிறுத்திவிடுகிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும், இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு, எனக்கும் மகள் இருக்கிறாள். அதனால் பெண் பிள்ளைகளுக்கு 5.30-க்கே முடித்துவிடுகிறோம். தூரத்துக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் பஸ் வரும் வரை பள்ளிக்குள்ளேயே இருக்கலாம், ஆசிரியை ஒருவர் கூட இருப்பார். அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் மாவட்ட அளவில் ஓடியிருக்க வேண்டிய ஒரு பிள்ளை இப்போது மைதானத்தின் ஓரமாக நடந்து வீட்டுக்குப் போவதைத் தினமும் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது.

புகார் எழுதிய அந்த ஏட்டையாவிடம் பேசினேன். அவர் பள்ளி நாட்களில் வாலிபால் ஆடியவர். பெரிய நகரங்களில் காவல்துறையே சிறார் மன்றங்கள் நடத்துகிறது, நம் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே, நீங்கள் வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பந்தோபஸ்து இல்லாத சனிக்கிழமை வருகிறேன் சார், வாராவாரம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அவருடைய வேலைப்பளு எல்லோரும் அறிந்ததுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தாலும் போதும் என்று சொன்னேன். வரும்போது பிள்ளைகள் ஓடி ஒளியாமல் வணக்கம் சொல்லட்டும், அதை மட்டும் வீட்டில் சொல்லி அனுப்புங்கள்.

உங்களிலும் ஒரு காலத்தில் கபடி ஆடியவர்கள், ஓடியவர்கள் இருப்பீர்கள். வாரத்தில் ஒரு மாலை வர முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள். ஷூ, சீருடை எதுவும் தேவையில்லை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி. ஒன்றே ஒன்று, வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிட வேண்டும். ஒருமுறை ஏமாந்தால் பிள்ளைகள் மறுபடி நம்ப ரொம்ப நாள் ஆகும்.

இத்துடன் ஒப்புதல் தாள் இணைத்திருக்கிறேன். பிள்ளைக்கு மூச்சுத்திணறல், வலிப்பு போன்ற தொந்தரவு இருந்தால் மறைக்காமல் அதில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சைக்கிளுக்குப் பூட்டு வாங்க முடியாத வீடுகள் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

அந்தப் பையன் வியாழக்கிழமையிலிருந்து மைதானத்துக்கு வருகிறான், ஐந்து கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போகிறான். சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. ஹேண்டில்பாரின் இடது பக்கம் பச்சைத் துணி சுற்றியிருக்கும். அவிழ்த்திருந்தாலும், சீட்டுக்கு அடியில் ஆணியால் கீறிய எழுத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தும் வகுப்பும் இருக்கும் என்கிறான். எங்கேயாவது கண்ணில் பட்டால் பள்ளிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்